மறதிநோய் உள்ள அப்பாவுக்கு இதய ஆபரேஷன்... முடிவெடுக்கும் முன் கவனிக்க வேண்டியவை!

80 வயது அப்பா. நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. எக்கோ எடுத்துப் பார்த்த டாக்டர், 'இதய வால்வு ரொம்பவே சுருங்கிவிட்டது, மாற்ற வேண்டும்' என்கிறார். ஆனால், காலையில் சாப்பிட்டதே அப்பாவுக்கு நினைவில் இல்லை. ஆபரேஷன் செய்யலாமா, வேண்டாமா? மகனும் மகளும் தவித்துப்போகிறார்கள்.

வயதானவர்களுக்கு அயோர்டிக் வால்வில் கால்சியம் படிந்து இறுகுவது சகஜம். இறுகிய வால்வை மாத்திரையால் திறக்க முடியாது. மூச்சுத்திணறல், மயக்கம் வந்த பிறகும் அப்படியே விட்டால் உயிருக்கே ஆபத்து.

மாற்ற இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, நெஞ்சைத் திறந்து செய்யும் ஆபரேஷன். மற்றொன்று, தொடை ரத்தக்குழாய் வழியே புது வால்வைப் பொருத்தும் 'டாவி'. 2002-ல் பிரான்ஸின் ரூவன் நகரில் டாக்டர் அலன் கிரிபியே இதை முதன்முதலில் செய்தார். பலருக்கு முழு மயக்கம் கொடுக்காமலேயே இதை முடித்துவிடலாம் என்பதால், முதியவர்களுக்குச் சிரமம் குறைவு.

எந்த வழியானாலும் மூச்சுத்திணறல் குறையுமே தவிர, மறதிநோய் குணமாகாது.

டெலிரியம்... உஷார்!

ஆபரேஷனுக்குப் பிறகு திடீரென வரும் மனக்குழப்பம்தான் டெலிரியம். மறதிநோய் உள்ளவர்களுக்கு இதற்கான வாய்ப்பு அதிகம். சிலர் டியூபைப் பிடுங்குவார்கள், இரவெல்லாம் கத்துவார்கள். சிலர் பேச்சின்றிச் சோர்ந்து கிடப்பார்கள். 'அமைதியாகத்தானே இருக்கிறார்' என்று இதை விட்டுவிடக் கூடாது. பெரும்பாலானோருக்குச் சில நாள்களில் தெளிந்துவிடும். சிலருக்குப் பழைய ஞாபகத்திறன் முழுமையாகத் திரும்பாமலும் போகலாம்.

குடும்பம் என்ன செய்யலாம்?

* முன்கூட்டியே ஞாபகத்திறனைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். மூன்று வார்த்தைகளைச் சொல்லி, கடிகாரம் வரையவைத்து, பிறகு அதே வார்த்தைகளைக் கேட்பார்கள். சில நிமிட வேலைதான்.

* மூக்குக்கண்ணாடி, காது மெஷினை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். கண்ணும் காதும் சரியாக இருந்தால் குழப்பம் குறையும்.

* பழகிய முகம் ஒன்று பக்கத்திலேயே இருக்கட்டும். பகலில் வெளிச்சம், இரவில் நல்ல தூக்கம் அவசியம். டாக்டரைக் கேட்காமல் தூக்க மாத்திரை வேண்டாம்.

* மறதிநோய் முற்றிய நிலையில் இருந்தால், ஆபரேஷனால் கிடைக்கும் பலன் அவர் படப்போகும் சிரமத்துக்கு ஈடாகுமா என்று டாக்டரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள். மருந்துகளோடு சிரமத்தைக் குறைத்துப் பார்த்துக்கொள்வதும் ஒரு சிகிச்சைதான்.

ஆரம்பகட்ட மறதி என்றால், முதலில் அப்பாவிடமே கேளுங்கள். 'வாசல்வரை நானே நடந்துபோய் பேப்பர் எடுத்துவரணும்' என்பது அவர் ஆசையாக இருக்கலாம். அதை அப்படியே டாக்டரிடம் சொல்லுங்கள். முடிவெடுக்க அந்த ஒரு வரி பெரிதும் உதவும்.