நல்லூர்க் கடைப் பலூடா, பருத்தித்துறை வீட்டில

பருத்தித்துறையில இருந்து கதைக்கிறன்.

போன கிழமை பலூடாப் படம் ஒண்டு போட்டன். அதுக்குப் பிறகு கனபேர் ஒரே கேள்வியைத்தான் கேக்கினம். "அக்கா, கசகசா வாங்கி ஊறப்போட்டனான். ஒரு மணித்தியாலமாகியும் பொங்கேல்லை, பல்லுக்குள்ள மண் மாதிரி நறநறக்குது." கேட்ட ஆக்கள் முக்காவாசிப் பேர் கனடாவில, லண்டனில இருக்கிறவை.

பிழை உங்களில இல்லை, பேரிலதான். இலங்கையில நாங்கள் கசகசா எண்டு சொல்லுறது கறுப்பு விதையை. அது திருநீற்றுப்பச்சை விதை, துளசியின்ர இனம். தமிழ்நாட்டில அதைச் சப்ஜா எண்டு சொல்லுவினம். அங்க கசகசா எண்டால் குருமாவுக்கு அரைக்கிற வெள்ளை விதை, அபின் செடியில வாறது. அதை விடிய விடிய ஊறப்போட்டாலும் பொங்காது. துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் கொண்டுபோகவும் ஏலாது, அங்க தடை. வெளிநாட்டுக் கடையில நிண்டு கேக்கேக்க சப்ஜா எண்டு கேளுங்கோ.

சரி, பலூடாவுக்கு வருவம். யாழ்ப்பாணத்தில தொடங்கிற பருத்தித்துறை வீதி எங்கட ஊர்ப் பேரைத்தான் வைச்சிருக்கு, ஆனால் நான் சொல்லுற பலூடா விக்கிற றியோ ஐஸ்கிறீம் கடை இருக்கிறது அந்த வீதியின்ர மற்றத் தொங்கலில, நல்லூர்க் கோயிலடியில. எங்களுக்கு முப்பது கிலோமீற்றர். 750 பஸ்ஸில ஏறி நெல்லியடி, வல்லை வெளி, நீர்வேலி, கோப்பாய் எல்லாம் தாண்டிப் போகவேணும். திருவிழா இருபத்தஞ்சு நாளும் கோயிலால வெளிக்கிட்ட சனம் அந்தப் பக்கத்து ஐஸ்கிறீம் கடையளிலதான் நிக்கும். பலூடா பாரசீகத்துச் சாமான். ஈரானில, சிராஸ் நகரத்தில, மாச்சத்து நூலை உறைய வைச்சு பன்னீர் விட்டுக் குடுக்கிறவை. இந்தியாவில சேமியா போடுவினம். எங்கட கடையளில ஜெலி, கசகசா, றோஸ் சிறப், மேல ஐஸ்கிறீம்.

வீட்டில செய்யேக்க அந்த ருசி ஏன் வாறதில்லை? ஐஸ் கட்டி. தயவுசெய்து ஐஸ் கட்டி போடாதேங்கோ! பாலில நூற்றுக்கு எண்பத்தேழு பங்கு ஏற்கெனவே தண்ணிதான். அதுக்குள்ள நாலு கட்டி கரைஞ்சால் றோஸ் தண்ணிதான் மிஞ்சும். பாலைச் சுண்டக் காய்ச்சி, பிறிட்ஜில வைச்சுக் குளிராக்கவேணும். குளிர் பாலுக்குள்ள இருக்கவேணும், கட்டிக்குள்ள இல்லை.

எங்கட அம்மாமாருக்கு ஐஸ் கட்டியில ஏன் அவ்வளவு ஆசை எண்டு எனக்குத் தெரியும். 1990இல யாழ்ப்பாணத்துக்குக் கறண்ட் நிண்டது. பிறகு கனகாலம் ஜாம் போத்தல் விளக்குத்தான். சைக்கிளைக் கவிட்டு வைச்சு, அண்ணா பெடலைச் சுத்த, டைனமோக் கறண்டில ரேடியோ கேட்ட பிள்ளையள் நாங்கள். குளிர் எண்டால் மண்பானைத் தண்ணி. கறண்ட் வந்து, வீட்டில முதல் பிறிட்ஜ் வாங்கின அண்டைக்கு அம்மா ஐஸ் கட்டியைக் கையில வைச்சு, அது விரலிடுக்கால வழிஞ்சு முடியுமட்டும் பாத்துக்கொண்டு நிண்டவ. அந்த மனுசியிட்டை ஐஸ் போடாதேங்கோ எண்டு சொல்ல எனக்கு மனம் வராது. உங்களுக்குச் சொல்லுறன், போடாதேங்கோ.

ஜெலியைப் பற்றியும் ஒண்டு. ஜெலற்றின் மிருகத்தின்ர எலும்பிலயும் தோலிலயும் எடுக்கிறது. நல்லூர்க் கொடியேறினால் மச்சம் விடுற வீடுகள் பைக்கற்றைத் திருப்பி வடிவாப் பாருங்கோ. அகர் அகர் கடற்பாசியில வாறது. எங்கட வெக்கைக்கும் அதுதான் சரி. ஜெலற்றின் வெயிலில இளகும், அகர் கொதிதண்ணிக்குக் கிட்டச் சூடு வந்தால்தான் திரும்பக் கரையும்.

ஐயோ, நேரம் போட்டுது. கெதியாச் சொல்லுறன், எழுதுங்கோ. ஒரு லீற்றர் பாலை முக்கால் லீற்றராச் சுண்ட விடுங்கோ. பசுப்பால் இல்லாட்டி பால்மாவைத் தடிப்பாக் கரையுங்கோ. ரெண்டு மேசைக்கரண்டி சீனி போட்டு ஆறவிட்டு, நாலு மணித்தியாலம் பிறிட்ஜில. கசகசா ஒரு தேக்கரண்டிக்கு ஒரு கப் தண்ணி, இருபது நிமிசம். பத்துக் கிராம் அகர் அகரை முக்கால் லீற்றர் தண்ணியில முழுசாக் கரையுமட்டும் காய்ச்சி, சீனியும் நிறமும் சேர்த்துத் தட்டில ஊத்துங்கோ, அது வெளியிலயே இறுகும். நீட்டுக் கிளாஸ் எடுத்து, அடியில ரெண்டு மேசைக்கரண்டி றோஸ் சிறப், அதுக்கு மேல கசகசா, பிறகு ஜெலி. கரண்டியைக் கவிட்டுப் பிடிச்சு அதின்ர முதுகில பாலை மெல்ல விடுங்கோ, அப்பதான் நிறம் கலங்காமல் நிக்கும். மேல வனிலா ஐஸ்கிறீம் ரெண்டு கரண்டி, நறுக்கின கஜு. குளிரில நாக்குக்கு இனிப்புக் குறைவாத்தான் தெரியும், அதால சிறப்பைக் குறைக்காதேங்கோ. செஞ்சவுடன குடுக்கவேணும், வைச்சால் கசகசா பாலை உறிஞ்சித் தடிச்சுப்போம்.

கிளாஸும் குளிராத்தான் இருக்கவேணும். காணொளியை நிப்பாட்டிப்போட்டு, முதல் அந்தக் கிளாஸைக் கழுவித் துடைச்சு பிறிட்ஜுக்குள்ள வையுங்கோ.