கடனும் கவலையும்: ஒரு துஆவின் பொருள் நயம்



தமிழில் 'கடன்' என்ற சொல் இரண்டு பொருளைச் சுமந்து நிற்கிறது. வாங்கித் திருப்பிக் கொடுக்க வேண்டிய பணமும் கடன். செய்தே தீரவேண்டிய கடமையும் கடன். கடைக்காரரின் கொப்பியில் ஏறுவதும் அதுதான், பெற்றோருக்குப் பிள்ளைகள் ஆற்றுவதும் அதுதான். அரபு மொழியிலும் இதனை ஒத்த ஒரு நெருக்கம் உண்டு. கடனைக் குறிக்கும் 'தைன்', மார்க்கத்தைக் குறிக்கும் 'தீன்' ஆகிய இரண்டும் ஒரே மூன்று எழுத்துக்களால் ஆனவை. உயிர்க்குறிகள் இன்றி எழுதினால் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது.

குமர்ப்பிள்ளைகளின் திருமணம், பிள்ளைகளின் படிப்பு, முதியோரின் மருந்து, மாதக் கடைசியில் கொடுக்க வேண்டிய தவணை என்று பொறுப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கும்போது நெஞ்சு படபடக்கிறது. அப்பொழுது நம்மிற் சிலர், "ஈமான் உறுதியாக இருந்தால் இப்படிக் கவலைப்படுவேனா?" என்று தம்மையே நொந்துகொள்கின்றனர். கவலை ஒன்று, கவலைப்பட்ட குற்றவுணர்வு இன்னொன்று எனச் சுமை இரட்டிப்பாகிறது. இத்தகையோருக்கு ஆறுதலாக அமைவது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அடிக்கடி ஓதிவந்த ஒரு துஆ.

ஹிஜ்ரி 7ஆம் ஆண்டில், அதாவது கி.பி. 628இல், கைபர் பயணத்தின்போது நபியவர்களுக்குப் பணிவிடை செய்யச் சென்றவர் அனஸ் (ரழி). நபியவர்கள் வழியில் தங்கும்போதெல்லாம் இதனைப் பலமுறை ஓதக் கேட்டதாக அவர் அறிவித்த செய்தி ஸஹீஹுல் புகாரியில் இடம்பெற்றுள்ளது. எட்டு விடயங்களிலிருந்து அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடும் சிறிய துஆ இது. எட்டும் நான்கு சோடிகளாக நிற்கின்றன. அதன் அழகும் ஆழமும் அங்கேதான் இருக்கின்றன.

முதற்சோடி 'ஹம்', 'ஹஸன்' என்பன. இனி வரப்போவதை எண்ணி மனம் பதறுவது ஹம். நடந்து முடிந்ததை எண்ணி மனம் வருந்துவது ஹஸன். ஒன்று நாளையின் பாரம், மற்றது நேற்றின் பாரம். இரண்டுக்கும் நடுவில் நசுங்குவது இன்று. பழந்தமிழில் 'கவலை' என்பது பிரிந்து செல்லும் வழிகளையும் குறித்தது. எவ்வழி செல்வது என்று தெரியாமல் நிற்பவனின் நிலைதான் ஹம்முடைய நிலையும். ஆயினும் மனவுறுதியைக் குறிக்கும் 'ஹிம்மத்' என்ற சொல்லும் அதே வேரில் முளைத்தது என்பதை நாம் மறந்துவிடலாகாது.

இரண்டாவது சோடி இயலாமையும் சோம்பலும். 1292 முதல் 1350 வரை வாழ்ந்த இமாம் இப்னுல் கையிம் இவற்றை நுட்பமாகப் பிரித்துக் காட்டுகிறார். நன்மையொன்று நம் கையை விட்டுப் போவதற்குச் சக்தியின்மை காரணமானால் அது இயலாமை. சக்தி இருந்தும் மனம் இல்லாவிட்டால் அது சோம்பல். மூன்றாவது சோடி கோழைத்தனமும் கஞ்சத்தனமும். உடலால் பிறருக்கு உதவாமல் ஒதுங்குவது முன்னையது, பொருளால் உதவாமல் ஒதுங்குவது பின்னையது.

கடைசிச் சோடி கடன் சுமையும் மனிதரின் அடக்குமுறையும். கடன் கொடுத்தவர் நம்மீது நியாயமான உரிமையோடு மேலோங்குகிறார். அடக்குமுறையாளர் உரிமை ஏதுமின்றி மேலோங்குகிறார். கடன் சுமைக்கு இத்துஆவில் ஆளப்பட்டுள்ள அரபுச் சொல்லின் மூலப்பொருள் 'வளைதல்' என்று ஹதீஸ் விரிவுரையாளர் இப்னு ஹஜர் விளக்குகிறார். நிமிர்ந்து நடந்தவனின் முதுகைக் கடன் வளைத்துவிடுகிறது. ஒரு சொல்லுக்குள் எத்தனை பெரிய சித்திரம்!

கடன் வளைப்பது முதுகை மாத்திரமல்ல, நாவையுந்தான். கடனிலிருந்து ஏன் இவ்வளவு அதிகமாகப் பாதுகாவல் தேடுகிறீர்கள் என்று நபியவர்களிடம் ஒருமுறை வினவப்பட்டது. கடன்பட்டவன் பேசினால் பொய் சொல்ல நேர்கிறது, வாக்களித்தால் மீற நேர்கிறது என்ற கருத்தில் அவர்கள் பதிலளித்தார்கள். கடன்காரர் வாசலில் நிற்க, 'வாப்பா வீட்டில் இல்லை' என்று பிள்ளையைக் கொண்டு சொல்விக்கும் நிலையை எண்ணிப் பார்த்தால் இதன் உண்மை புரியும்.

இதனைக் கேட்டவர் கடன் அறியாத செல்வந்தர் அல்லர். நபியவர்கள் வபாத்தானபோது, குடும்பத்துக்காக வாங்கிய 30 ஸாஉ வாற்கோதுமைக்கு ஈடாக அவர்களுடைய போர்க் கவசம் ஒரு யூதரிடம் அடகில் இருந்தது. கவலையிலிருந்தும் கடனிலிருந்தும் காக்குமாறு இறைத்தூதரே வேண்டியிருக்க, நமக்குக் கவலை வருவது ஈமானின் குறை என்று எப்படிக் கூறலாம்?

அபூதாவூத் கிரந்தத்தில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. தொழுகை நேரமல்லாத வேளையில் அன்ஸாரித் தோழர் அபூ உமாமா (ரழி) பள்ளிவாசலில் தனியே அமர்ந்திருந்தார். காரணம் கேட்ட நபியவர்களிடம், கவலைகளும் கடன்களும் தம்மைப் பிடித்துக்கொண்டதாகச் சொன்னார். காலையிலும் மாலையிலும் ஓதும்படி இத்துஆ அவருக்குக் கற்பிக்கப்பட்டது. கவலை நீங்கியது, கடனும் தீர்ந்தது என்று அவர் பின்னர் கூறினாராம். இந்நிகழ்ச்சியின் அறிவிப்புத் தொடரில் பலவீனம் காணும் ஹதீஸ்கலை அறிஞர்கள் உளர். ஆனால், எட்டையும் கொண்ட துஆ புகாரியின் வாயிலாக உறுதிபெற்றதே.

அப்படியானால் ஓதிவிட்டுச் சும்மா இருந்தால் போதுமா? துஆவே அதற்கு இடம் வைக்கவில்லை. சோம்பலிலிருந்து காக்குமாறு காலையில் வேண்டியவன் பகல் முழுவதும் படுத்திருக்க முடியாது. கோழைத்தனத்திலிருந்து காக்குமாறு வேண்டியவன், கடன் கொடுத்தவரின் முகத்தை நேரில் பார்த்துத் தவணை கேட்கத் துணியவேண்டும். கவலை, கடன் என்னும் இரண்டுக்கும் நடுவில் சோம்பலும் கோழைத்தனமும் வைக்கப்பட்டிருப்பதைக் கவனியுங்கள். நோயைச் சொல்லும்போதே மருந்தின் திசையும் காட்டப்படுகிறது.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஸகாத் பெறத் தகுதியுடையோராக அல்குர்ஆன் கூறும் எட்டு வகையினரில் கடனாளிகளும் அடங்குவர். கஷ்டத்தில் இருக்கும் கடனாளிக்கு வசதி வரும்வரை அவகாசம் கொடுக்கவும் அது பணிக்கிறது. எனவே பள்ளியின் மூலையில் ஒருவர் தனித்து அமர்ந்து இந்தத் துஆவை ஓதும்போது, அவர் கேட்பது அல்லாஹ்விடம் மாத்திரமே. ஆயினும் அந்த வேண்டுதலுக்குப் பதிலாக அமையும் வாய்ப்பு அவருக்குப் பக்கத்தில் தொழுத நமக்கும் கிடைக்கிறது. ஸலாம் கொடுத்தபின் திரும்பிப் பார்த்து, "என்ன நானா, முகம் வாடியிருக்கிறது?" என்று கேட்பது அதற்கு முதற்படி.