ஊரவர் கருத்தும் ஊருக்கு வரும் திட்டங்களும்

திருகோணமலை மாவட்டத்திலே, கொட்டியாரக் குடாவின் தென்புறத்தில், மூதூருக்கு அப்பால் வயல்கள் சூழ அமைந்துள்ள ஊர் தோப்பூர். வேளாண்மையும் மாடு வளர்ப்பும் மீன்பிடியும் அப்பகுதி மக்களின் சீவனோபாயம். மாலை வேளையில் தேநீர்க்கடை வாங்கிலோ, தொழுகை முடிந்து திரும்பும் வழியிலோ, வரம்போரத்திலோ நாலு பேர் கூடினால், நெல் விலைக்கு அடுத்தபடியாக அங்கு பேச்சில் அடிபடுபவை மூன்று. பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு எப்படி ஏற்கப்படுகிறது என்பது ஒன்று. வைத்தியசாலையில் வைத்தியர் இருக்கிறாரா என்பது மற்றொன்று. மின்சாரத்துக்கும் எண்ணெய்க்குமாக வெளியிலிருந்து வரும் பெருந்திட்டங்கள் ஊரை என்ன செய்யும் என்பது மூன்றாவது.

இவ்வாறு பேசப்படுவனவெல்லாம் வெறும் வாய்ப்பேச்சு என்று ஒதுக்கிவிடுவோர் உளர். தீர்மானம் செய்யும் மேசைவரை ஊராரின் கருத்து சென்றடைய ஒரு வழி உண்டா, சென்றடைந்தால் அதற்கு மதிப்பு உண்டா என்பதே ஆராயத்தக்க கேள்வி. இதற்கு விடை தேட நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. தோப்பூருக்கு அண்மையிலுள்ள சம்பூரின் வரலாறே போதும்.

2006ஆம் ஆண்டு யூலை மாதத்தில் மாவிலாற்று அணைக்கதவு மூடப்பட்டதைத் தொடர்ந்து மூண்ட போரில், மூதூர், தோப்பூர் மக்கள் கந்தளாய்ப் பக்கமாக இடம்பெயர்ந்தனர். சம்பூர், கூனித்தீவு, கடற்கரைச்சேனை முதலிய ஊர்களின் மக்களும் வீடுவாசல் விட்டு வெளியேறினர். தோப்பூரார் சில காலத்தில் திரும்பினர். சம்பூரார்க்கு அது கிட்டவில்லை. அவர்கள் முகாம்களில் இருக்கும்போதே, அவர்களுடைய மண் உயர் பாதுகாப்பு வலயம் ஆயிற்று. இந்தியாவின் தேசிய அனல்மின் கழகமும் இலங்கை மின்சார சபையும் சேர்ந்து 500 மெகாவாற்று நிலக்கரி மின்நிலையம் ஒன்றை அமைக்க 2006இல் இணக்கம் கண்டு, 2011இல் கூட்டு ஒப்பந்தமும் செய்துகொண்டன. நிலத்துக்கு உரியவர்கள் ஊரில் இல்லாதபோது ஊரின் கருத்தை யாரிடம் கேட்பது? கருத்துக் கேட்பதென்பது, முதலில் மக்கள் தம் நிலத்தில் நின்று பேசக்கூடிய நிலையைக் குறிக்கும். 2015இல் 818 ஏக்கர் காணி விடுவிக்கப்பட்ட பின்னரே அந்நிலை ஓரளவு திரும்பிற்று.

நிலக்கரி மின்நிலையத்தைப் பற்றி மீனவர் ஏன் அஞ்சினர் என்பதை விளக்குதல் நன்று. நிலக்கரி எரிந்து தரும் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவே மின்சாரமாகிறது. எஞ்சிய வெப்பத்தின் பெரும்பகுதியைத் தணிக்கக் கடல்நீர் உள்ளிழுக்கப்பட்டு, சூடேறிய நிலையில் மீண்டும் கடலிலே விடப்படுகிறது. மீன் குஞ்சுகளும் இறால் முட்டைகளும் அச்சூட்டைத் தாங்குமா? எரிந்த சாம்பலை எங்கே கொட்டுவது? காற்று எப்பக்கம் வீசும்போது அது எவ்வூர்க் கிணற்றில் விழும்? புத்தளம் பகுதியிலே நுரைச்சோலையில் 2011 முதல் இயங்கிவரும் நிலக்கரி மின்நிலையத்தைச் சூழ்ந்த ஊர்களில் சாம்பற் தூசு பற்றி எழுந்த முறைப்பாடுகளை மூதூர்ப் பகுதியார் அறிந்திருந்தனர். ஆகவே அவர்களுடைய அச்சம் கற்பனையன்று.

இங்கேதான் சட்டம் ஒரு கதவைத் திறந்து வைத்திருந்தது. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடற் சட்டம் 1988இல் திருத்தப்பட்டபோது, பெருந்திட்டங்களுக்குச் சுற்றாடற் தாக்க மதிப்பீடு கட்டாயமாக்கப்பட்டது. அவ்வறிக்கை ஆயத்தமானதும், வர்த்தமானியிலும் சிங்களம், தமிழ், ஆங்கிலப் பத்திரிகைகளிலும் அறிவித்தல் இட்டு, 30 நாட்களுக்குள் பொதுமக்களின் அபிப்பிராயத்தைக் கோர வேண்டும் என்பது விதி. முப்பது நாள் என்பது, நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட தொழில்நுட்ப அறிக்கையை ஒரு விவசாயி படித்து விளங்கிக்கொள்ளப் போதிய காலமன்று. ஆயினும் அக்காலத்தை வீணாக்கலாகாது. “எமக்கு வேண்டாம்” என்ற ஒரு வரியை அதிகாரி கோவையிலே சேர்த்துவிட்டு மறந்துவிடலாம். வாடைக் காற்றுக் காலத்தில் எந்த இடத்தில் வலை விரிக்கப்படுகிறது, எந்தக் கிணறு எந்த மாதத்தில் உவர்க்கிறது, மாடுகள் எவ்வழியாக மேய்ச்சலுக்குப் போகின்றன என்பவற்றை எழுதிக் கொடுத்தால் அதற்கு மறுமொழி கூறாமல் தப்ப முடியாது. இந்த அறிவு கொழும்பிலே இருக்கும் நிபுணரிடம் இல்லை. ஊரவரிடமே உண்டு.

சம்பூர் விடயம் உயர் நீதிமன்றம் வரை சென்றது. 2016 செப்தெம்பரில், அவ்விடத்தில் நிலக்கரி மின்நிலையம் அமைக்கப்படமாட்டாது என அரசாங்கத்தின் சார்பில் சட்டமா அதிபர் நீதிமன்றத்துக்கு அறிவித்தார். மக்களின் எதிர்ப்பு ஒன்றே இதைச் சாதித்தது என்று சொல்வது மிகை. நிலக்கரி பற்றிய உலகின் மனப்போக்கும் அக்காலத்தில் மாறிக்கொண்டிருந்தது. ஆனால் எதிர்ப்பு இல்லாதிருந்தால் வழக்கும் இருந்திராது.

அதே சம்பூருக்கு 120 மெகாவாற்றுச் சூரிய மின்சக்தித் திட்டம் வகுக்கப்பட்டு, 2025 ஏப்ரில் 5ஆந் திகதி இந்தியப் பிரதமரும் இலங்கைச் சனாதிபதியும் கொழும்பிலிருந்தபடியே அதைத் தொடக்கிவைத்தனர். புகை இல்லை, சாம்பல் இல்லை. ஆனால் நிலம் வேண்டும். பயிரும் மேய்ச்சலும் உள்ள நாட்டில் அதுவும் சிறிய கேள்வியன்று. குடாவுக்கு மறுபுறத்தில், சீனன்குடாவிலே, பிரித்தானியர் தம் கடற்படைக்காக அமைத்த எண்ணெய்த் தாங்கிகள் 99 நிற்கின்றன. 2022 சனவரியில் செய்யப்பட்ட உடன்படிக்கைப்படி அவற்றுள் 61 கூட்டு நிறுவனத்துக்கும், 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், 14 இந்திய நிறுவனத்துக்கும் பிரிந்தன. இந்தக் கணக்கை ஊரவர் பத்திரிகையிலேதான் படித்தனர்.

நிலத்துக்கு அடியிலும் கடலுக்கு அடியிலும் துளையிடுவது பற்றியும் அவ்வப்போது செய்தி வரும். 1974இல் மன்னார்ப் பேசாலையில் எண்ணெய் தேடிக் கிணறு தோண்டப்பட்டது. பயன்படத்தக்க எண்ணெய் கிட்டவில்லை. 2011இல் கெயர்ன் நிறுவனம் மன்னார்க் கடலில், ஆயிரம் மீற்றருக்கு மேற்பட்ட ஆழத்தில், டொராடோ, பரகூடா என்ற இரு கிணறுகளில் இயற்கை வாயுவைக் கண்டது. ஆனால் 2015இல் அந்நிறுவனம் விலகிக்கொண்டது. வாயு இருப்பது வேறு, இலாபத்துடன் எடுக்கக்கூடியதாய் இருப்பது வேறு. கிழக்குக் கடலிலும் 2016இல் பிரான்சின் தோத்தால் நிறுவனத்துடன் ஆய்வு உடன்படிக்கை ஒன்று கைச்சாத்தாயிற்று. கரையிலிருந்து கண்ணுக்கெட்டாத் தொலைவில் நடக்கும் துளையிடலுக்கு “ஊரவர்” யார்? அக்கடலில் பலநாட் படகு செலுத்துவோரும், அதன் மீனை நம்பிக் கரையில் வாழ்வோருமே என்று கொள்வது நியாயம்.

வைத்திய வசதிக்கு வருவோம். தோப்பூரில் பிரதேச வைத்தியசாலை உண்டு. அதற்கு மேல் மூதூரில் ஆதார வைத்தியசாலை. அதற்கும் மேல் திருகோணமலையில் பெரிய வைத்தியசாலை. படிப்படியாக அமைந்த இந்த ஒழுங்கு தாளில் அழகானது. பாம்பு தீண்டியவனுக்கும் பிரசவ வேதனைப்படுபவளுக்கும், ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குப் போகும் நேரமே உயிர். முன்பு மூதூரார் திருகோணமலைக்குப் படகேறியே போயினர். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்ட பின் தரைவழி எளிதாயிற்று. 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிப் பின்னர் நாடெங்கும் விரிந்த 1990 என்னும் இலவச நோயாளர் காவு வண்டிச் சேவையும் பெருந்துணை. ஆனால் வண்டி வந்து சேரும் இடத்தில் வைத்தியரும் தாதியும் இருத்தல் வேண்டும். கட்டடம் திறக்க வருவோர் பலர், ஆளணி நிரப்ப வருவோர் சிலர் என்று ஊரவர் சொல்லும் குறை செவிமடுக்கத்தக்கது.

பொலிஸ் விடயத்தில் அடிப்படை மொழியே. 1987இல் தமிழும் அரசகரும மொழியாயிற்று. 1988ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தம் வடக்குக் கிழக்கில் தமிழே நிருவாக மொழி என வகுத்தது. முறைப்பாட்டாளன் தான் சொன்னதைத் தனக்குத் தெரிந்த மொழியில் வாசிக்கக் கேட்டபின் ஒப்பமிடுவதே முறை. விளங்காத மொழியில் எழுதியதன்கீழ் கையெழுத்து வைக்கும் மனிதன், நாளை நீதிமன்றத்தில் தன் சொல்லையே தான் மறுக்கவேண்டிய இடருக்கு உள்ளாகிறான். சட்டத்துக்கும் நிலையத்துக்கும் இடையேயுள்ள தூரம் இன்னும் முற்றாகக் குறையவில்லை.

இவற்றுக்கெல்லாம் பயன்படும் புதிய கருவி ஒன்று 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். வெளிநாட்டு நிதியில் ஓர் இலட்சம் அமெரிக்க டொலருக்கும், உள்நாட்டு நிதியில் ஐந்து இலட்சம் ரூபாவுக்கும் மேற்பட்ட திட்டமாயின், தொடங்குவதற்கு மூன்று மாதம் முன்னரே அதன் விபரத்தைப் பொதுமக்களுக்கும் குறிப்பாகப் பாதிக்கப்படக்கூடியோருக்கும் தெரிவித்தல் அமைச்சரின் கடமை என்று அது கூறுகிறது. வைத்தியசாலையில் எத்தனை வெற்றிடம், திட்டத்துக்கு எடுத்த காணி எவ்வளவு என்று கேட்போருக்கு, தகவல் தருவதா இல்லையா என்ற தீர்மானம் பதினான்கு வேலை நாட்களுக்குள் எடுக்கப்பட வேண்டும். ஏன் கேட்கிறாய் என்று காரணம் வினவ அதிகாரிக்கு உரிமை இல்லை. எழுத இயலாதவர் நேரே சென்று வாயாலேயே கேட்கலாம். அதைத் தாளில் எழுதிக்கொள்ளும் கடமை தகவல் அதிகாரியைச் சார்ந்தது.