பேதிப் பொடியால் தீராத மலச்சிக்கல்

மதுரை மாசி வீதிகளின் நாட்டு மருந்துக் கடைகளில் போய், "பிள்ளை வெளிக்குப் போய் நாலு நாளாச்சு" என்று சொன்னால் போதும். கடைக்காரர் வயதைக் கேட்பார், டப்பாவைத் திறந்து பொடியை அள்ளிக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பார். "ராத்திரி வெந்நீர்ல கலக்கிக் குடுங்க, காலையில சரியாயிரும்." பெரும்பாலும் சரியாகிவிடும். அடுத்த வாரம் அதே தாய் திரும்ப வந்து நிற்பார். ஏன் திரும்ப வருகிறார் என்பதுதான் நாம் பார்க்க வேண்டியது.

பொட்டலத்துக்குள் என்ன?

இத்தகைய பொடிகளில் பரவலாகச் சேர்வது நிலாவாரை இலை. தென் மாவட்டங்களின் மானாவாரி நிலங்களில் விளைந்து, தூத்துக்குடி துறைமுகம் வழியாக வெளிநாடுகளுக்குப் போகும் சரக்கு இது. உலகச் சந்தையில் திருநெல்வேலியின் பெயரைச் சொல்லித்தான் இதை விற்கிறார்கள். சித்த மருத்துவத்தின் நிலவாகைச் சூரணத்திலும் இந்த இலைதான், ஆங்கில மருந்துக் கடையின் சென்னா மாத்திரையிலும் இதன் சத்துதான். அந்தச் சத்தின் பெயர் சென்னோசைடு. பெருங்குடலில் வாழும் பாக்டீரியாக்கள் இதை உடைக்க, உடைந்து வரும் பொருள் குடலைத் தூண்டிச் சுருங்க வைக்கிறது. இதற்கு 6 முதல் 12 மணி நேரம் பிடிக்கும். ராத்திரி கொடுத்தது காலையில் வேலை செய்வது அதனால்தான்.

சீன வைத்தியர்கள் மலச்சிக்கலுக்குப் பல நூற்றாண்டுகளாகப் பயன்படுத்தும் 'தாஹுவாங்' கிழங்கிலும் இதே இனத்து வேதிப்பொருள்களே இருக்கின்றன. நம் கடைகளில் ரேவல்சின்னி என்று கேட்டால் அந்தக் குடும்பத்துக் கிழங்கு கிடைக்கும்.

ஆகவே மூலிகை என்பதால் பக்கவிளைவே கிடையாது என்ற பேச்சு இங்கே செல்லாது. மருந்தாக வேலை செய்கிறது என்றால் அளவு மீறினால் தொல்லையும் தரும். வயிற்று முறுக்கு, நீராகப் பேதி, உப்புச்சத்து இழப்பு எல்லாம் வரலாம். டயப்பர் கட்டிய குழந்தைக்கு ராத்திரி நிலாவாரை கொடுத்து, அந்த மலம் விடியும்வரை தோலில் பட்டுக் கிடந்தால், தீப்பட்டதுபோல் கொப்புளம் கிளம்பியதும் உண்டு.

கதவுக்குப் பின்னால் நிற்கும் பிள்ளை

மூன்று வயதுப் பிள்ளை. விளையாட்டை விட்டுவிட்டுக் கதவுக்குப் பின்னால் போகிறது. கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு, கால்களைப் பின்னி, நுனிக்காலில் நிற்கிறது. முகம் சிவந்து வியர்க்கிறது. "பாவம், முக்கி முக்கிப் பார்க்குது, வரமாட்டேங்குது" என்கிறார் அப்பத்தா. உண்மையில் அது முக்கவில்லை. வருவதை அடக்குகிறது.

ஒருநாள் கெட்டியாகப் போயிருக்கும், ஆசனவாய் லேசாக வெடித்து வலித்திருக்கும். வலிக்குப் பயந்து பிள்ளை அடுத்த முறை அடக்கும். அடக்கிய மலத்திலிருந்து பெருங்குடல் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருப்பதால் அது இன்னும் இறுகும், மறுபடி வலிக்கும். நாளாக ஆகக் குடல் விரிந்துபோய், மலம் வந்து நிற்கிறது என்ற உணர்வே மங்கிவிடும். குழந்தைகளின் மலச்சிக்கலில் பத்தில் ஒன்பதுக்கு மேல் குடலில் எந்த நோயும் இல்லாத இந்த வகைதான். இயற்கையாக எழும் வேகங்கள் பதினான்கு, அவற்றை அடக்கினால் நோய் என்று சித்த நூல்கள் சொல்லும் பட்டியலில் மலமும் உண்டு. அந்த அறிவை விட்டுவிட்டுப் பேதிப் பொடியை மட்டும் பிடித்துக்கொண்டோம் என்பதுதான் என் குறை.

கட்டிக்கிடக்கும் மலத்தைச் சுற்றி நீர்த்த மலம் கசிந்து ஜட்டியில் படுவதும் உண்டு. அதை வயிற்றுப்போக்கு என்று நினைத்து, போக்கை நிறுத்த மருந்து கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அடியும் கொடுக்கிறார்கள். பிள்ளை வேண்டுமென்று செய்வதல்ல அது.

எண்ணெயும் வசம்பும்

தேரையர் பெயரில் வழங்கும் பிணியணுகா விதி நான்கு மாதத்துக்கு ஒருமுறை பேதி எடுக்கச் சொல்கிறது. அதைப் பச்சைக் குழந்தைக்கும் சேர்த்து எடுத்துக்கொண்டதில்தான் வினை. குழந்தையைக் காலில் படுக்க வைத்து, மூக்கைப் பிடித்து விளக்கெண்ணெய் புகட்டும்போது சிறிதளவு மூச்சுக்குழாயில் இறங்கினாலும் நுரையீரல் புண்ணாகலாம். எண்ணெயால் வரும் அந்த நிமோனியா எளிதில் ஆறாது. விளக்கெண்ணெயில் தோய்த்த வெற்றிலைக் காம்பையோ சோப்புத் துண்டையோ ஆசனவாயில் வைப்பது வலிக்குப் பயந்த பிள்ளையை மேலும் பயமுறுத்தும். ஒரு வயது ஆகாத குழந்தையின் நாக்கில் தேன் தடவக் கூடாது, வசம்பு உரைத்து ஊற்றுவதும் வேண்டாம்.

தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை, பிறந்த சில வாரங்களுக்குப் பிறகு, ஐந்தாறு நாள் மலம் கழிக்காமல் இருக்கலாம். இளக்கமாகப் போய், நன்றாகப் பால் குடித்து, எடையும் ஏறினால் அது மலச்சிக்கலே அல்ல.

"மருந்து பழகிப் போகாதா?"

இன்று மருத்துவர்கள் முதலில் எழுதுவது பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற தூள். கைக்குழந்தைகளுக்கு லாக்டுலோஸ். இரண்டும் குடலை விரட்டுவதில்லை. தண்ணீரை மலத்தோடு பிடித்து வைத்து இளக்குகின்றன. தேங்கியதை முதலில் வெளியேற்றிவிட்டு, குறைந்தது இரண்டு மாதமாவது தொடர்ந்து கொடுக்க வேண்டும். வலிக்காது என்ற நம்பிக்கை பிள்ளைக்கு வர அவ்வளவு காலம் ஆகிறது. நான்கு நாளில் சரியாகிவிட்டது என்று நிறுத்துவதுதான் வழக்கமான தவறு. குடல் பழகிப்போகும் என்ற பயத்துக்கு ஆதாரம் இல்லை. மருந்தை மருத்துவர் சொல்லும்போது படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

சித்த மருத்துவத்தை நம்புகிறவர்கள் அரசு மருத்துவமனைகளின் சித்தப் பிரிவுக்குப் போகலாம். அங்கே வயதும் எடையும் பார்த்து, பெயரும் அளவும் எழுதிக் கொடுப்பார்கள்.

தட்டில் என்ன?

பிள்ளையின் வயதோடு ஐந்தைக் கூட்டினால் ஒரு நாளைக்குத் தேவையான நார்ச்சத்து கிராம் கணக்கில் வந்துவிடும். ஐந்து வயதென்றால் 10 கிராம். காலையில் இட்லி, மதியம் பள்ளிக்கு லெமன் சாதம், ராத்திரி பரோட்டா என்றால் இந்தக் கணக்கு எப்படித் தேறும்? ஆயக்குடிக் கொய்யா 100 கிராமில் மட்டும் 5 கிராமுக்குக் குறையாமல் நார்ச்சத்து இருக்கிறது. கொய்யா தின்றால் சளி பிடிக்கும் என்று ஒதுக்குவது வீண். முருங்கைக்கீரை, கம்பு, பயறு, தோலோடு வெள்ளரிப் பிஞ்சு எல்லாம் நம் பக்கத்தில் மலிவாகக் கிடைப்பவை. பால் நாளுக்கு அரை லிட்டருக்கு மேல் போனால் பசி அடங்கி, பிள்ளை சோறு தின்னாது. சித்திரை வெயிலில் தண்ணீரை நினைவூட்டிக் குடிக்க வைக்க வேண்டும்.

காத்திருக்கக் கூடாதவை

பிறந்து 48 மணி நேரத்துக்குள் முதல் மலம் போகாதது, முதல் மாதத்திலேயே தொடங்கிய சிக்கல், பச்சையாக வாந்தி, வயிறு உப்பி விறைப்பது, காய்ச்சல், எடை குறைவு, மலத்தில் அதிக ரத்தம், கால் பலவீனம். இவற்றில் ஒன்று இருந்தாலும் கைவைத்தியம் வேண்டாம். இராசாசி மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவுக்கு நேராகப் போய்விடுங்கள்.

பள்ளிக் கழிப்பறை

சாப்பிட்ட சிறிது நேரத்தில் பெருங்குடல் தானாக அசையும். அப்போது ஐந்து பத்து நிமிடம், பாதம் தரையிலோ பலகையிலோ ஊன்றி உட்கார்ந்தால் மலம் எளிதாகப் போகும். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கியதே மதுரையில், 2022 செப்டம்பர் 15 அன்று, ஆதிமூலம் மாநகராட்சிப் பள்ளியில்தான். பள்ளியில் காலை உணவு சாப்பிடும் பிள்ளைக்குப் பள்ளியில்தான் உணர்வும் வரும். அங்கே கழிப்பறையில் தண்ணீரும் தாழ்ப்பாளும் இல்லையென்றால் அது சாயங்காலம் வரை அடக்கும். தலைமை ஆசிரியர்களும் பள்ளி மேலாண்மைக் குழுவினரும் இதை முதலில் கவனியுங்கள். பாட நேரத்தில் விரலைக் காட்டும் பிள்ளையை ஏன் என்று கேட்காமல் அனுப்பிவிடுங்கள்.