விண்டோஸ் விளையாட்டும் லினக்ஸ் கணினியும்



2025ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஒரு மாலைப்பொழுது. பீடோங்கை அடுத்த தோட்டம் ஒன்றில் செம்பனைக் குலை வெட்டும் அண்ணன் ஒருவர் என் வீட்டுக்கு வந்தார். கையில் துணிப்பையில் சுற்றிய பழைய மடிக்கணினி ஒன்று. அவருக்குப் பின்னால், படிவம் 4 படிக்கும் அவருடைய மகன்.

"சார், இது இனிமே உதவாதுன்னு பட்டணத்துக் கடையில சொல்லிட்டாங்க. புதுசு வாங்கணும்னா 2,000 வெள்ளிக்கு மேல ஆகுமாம். தவணையில எடுக்கலாம்னு சொல்றாங்க. நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டார்.

"அவசரப்படாதீங்க அண்ணே. இதுலேயே லினக்ஸ் போட்டுப் பார்க்கலாம்" என்றேன். உடனே மகனுடைய முகம் வாடிவிட்டது. "சார், லினக்ஸ் போட்டா என் கேம் ஓடாதே?" என்றான்.

தந்தையின் கவலை பணம். மகனின் கவலை விளையாட்டு. இரண்டு கவலைக்கும் விடை ஒன்றுதான். அந்த விடையைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

முதலில், அந்தக் கணினிக்கு வந்த நோய் என்ன என்று பார்ப்போம். திரை எரிந்தது, விசைப்பலகை வேலை செய்தது, எதுவும் பழுதாகவில்லை. அதில் இருந்தது விண்டோஸ் 10 என்னும் இயங்குதளம். 2015ஆம் ஆண்டு ஜூலையில் வெளிவந்த அதற்கு, மைக்ரோசாப்ட் நிறுவனம் 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாளோடு வழக்கமான ஆதரவை நிறுத்திவிட்டது. அடுத்து வந்த விண்டோஸ் 11, பெரும்பாலான பழைய கணினிகளை ஏற்றுக்கொள்வதில்லை. புதிய செயலியும் டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும் அதற்கு வேண்டும். ஆகவே அந்த மடிக்கணினி கெட்டுப்போனதால் ஒதுக்கப்படவில்லை. வயதாகிவிட்டது என்பதற்காக ஒதுக்கப்பட்டது. பால் வற்றாத மரத்தை வெட்டிச் சாய்ப்பது போன்ற காரியம் இது.

சரி, இயங்குதளம் என்பது என்ன? தோட்டத்துக்கு நிர்வாகம் எப்படியோ, கணினிக்கு இயங்குதளம் அப்படி. யாருக்கு எந்த நிரை, யாருக்கு எந்தக் கருவி, சரக்கை எங்கே வைப்பது, எல்லாவற்றையும் கவனிப்பது அதுதான். விண்டோஸ் ஒரு நிர்வாகம். லினக்ஸ் வேறொரு நிர்வாகம். பின்லாந்து நாட்டில், ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த லைனஸ் தோர்வால்ட்ஸ் என்பவர் 1991ஆம் ஆண்டில் லினக்சைத் தொடங்கினார். உலகெங்கும் உள்ள நிரலாளர்கள் அதனோடு கைகோத்தார்கள். அதை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம், திருத்தவும் செய்யலாம்.

இது நமக்குத் தூரத்துச் செய்தி அன்று. 2004ஆம் ஆண்டில் மலேசிய அரசாங்கமே பொதுத்துறைக்கான திறந்தமூல மென்பொருள் பெருந்திட்டம் ஒன்றை வகுத்தது. தமிழ்நாட்டில் 2011ஆம் ஆண்டு தொடங்கிய மாணவர் இலவச மடிக்கணினித் திட்டத்தில், விண்டோசோடு 'பாஸ்' என்னும் இந்திய லினக்சும் சேர்த்தே கொடுக்கப்பட்டது.

இனி, பையனுடைய கேள்விக்கு வருவோம். விண்டோசுக்கென்று எழுதப்பட்ட விளையாட்டு, லினக்சில் ஏன் தானாக ஓடுவதில்லை?

ஒரு தோட்டத்தில் பழகிய தொழிலாளி வேறொரு தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெட்டும் கை அதே கை. மரமும் அதே மரம். ஆனால் அந்தத் தோட்டத்து ஆபீசில் பேசும் மொழி வேறு. "கத்தி கொடுங்கள்" என்று இவர் கேட்டால், அங்கே இருப்பவருக்குப் புரிவதில்லை. வேலை நின்றுவிடுகிறது.

விண்டோஸ் விளையாட்டின் நிலையும் இதுதான். கூட்டல், கழித்தல் போன்ற கணக்குகளைச் செயலியே நேராகச் செய்துவிடும். செயலி இரண்டுக்கும் ஒன்றுதான். ஆனால், "இந்தக் கோப்பைத் திற", "இந்தப் படத்தைத் திரையில் வரை", "இந்த ஒலியை எழுப்பு" என்று கேட்க வேண்டிய இடங்களில், விளையாட்டு விண்டோசின் மொழியில் கேட்கிறது. லினக்சுக்கு அந்த மொழி தெரியாது.

அந்தக் காலத்துத் தோட்டங்களில் துரை ஆங்கிலம் பேசுவார். நம் தாத்தாவும் பாட்டியும் தமிழ் பேசுவார்கள். இடையில் கிராணி நிற்பார். இந்தப் பக்கத்துச் சொல்லை அந்தப் பக்கம் சொல்வார். அந்தப் பக்கத்து உத்தரவை இந்தப் பக்கம் சொல்வார். லினக்ஸ் கணினியில் அந்தக் கிராணி வேலையைச் செய்யும் மென்பொருளுக்கு 'வைன்' என்று பெயர். பெயரைக் கேட்டுத் தாய்மார்கள் பதற வேண்டாம். குடிக்கும் சரக்குக்கும் இதற்கும் சம்பந்தமில்லை! 'இது எமுலேட்டர் அன்று' என்று பொருள்படும் ஓர் ஆங்கிலத் தொடரின் முதல் எழுத்துகளைச் சேர்த்து வைத்த பெயர் அது.

அப்படிச் சொல்வதில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஒரு தொழிலாளிக்காக அவருடைய பழைய தோட்டத்து ஆபீஸ் முழுவதையும் பெயர்த்துக்கொண்டு வந்து புதுத் தோட்டத்தில் வைக்கலாம். கணினிக்குள் ஒரு பொய்க்கணினியை அமைத்து, அதற்குள் விண்டோசையே நிறுவுவது அப்படிப்பட்ட வழி. அதற்கு இடமும் நினைவகமும் நிறைய வேண்டும். வைன் அப்படிச் செய்வதில்லை. கேட்கும் சொல்லை மட்டும் மொழிபெயர்க்கிறது. அதனால்தான் பழைய கணினியிலும் அது ஓடுகிறது.

இந்தக் கிராணி ஒரே நாளில் வேலை கற்றுக்கொண்டவர் அல்லர். 1993ஆம் ஆண்டில் வைன் பணி தொடங்கியது. அதன் 1.0 பதிப்பு 2008ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில்தான் வந்தது. 15 ஆண்டுகள்! 1994 முதல் அப்பணிக்குத் தலைமை தாங்கி வருபவர் அலெக்சாந்தர் ஜூலியார். பிறகு 2018ஆம் ஆண்டு ஆகஸ்டில், ஸ்டீம் என்னும் விளையாட்டு அங்காடியை நடத்தும் வால்வ் நிறுவனம், வைனை அடிப்படையாகக் கொண்டு 'புரோட்டான்' என்பதை வெளியிட்டது. 2022ஆம் ஆண்டில் அதே நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த ஸ்டீம் டெக் என்னும் கையடக்கக் கணினி லினக்சில்தான் இயங்குகிறது. அதில் பிள்ளைகள் ஆடுவதோ, பெரும்பாலும் விண்டோஸ் விளையாட்டுகள்.

அந்தப் பையன் கேட்டது எந்த விளையாட்டு? 'மோரோவிண்ட்'. பெதஸ்டா நிறுவனம் 2002ஆம் ஆண்டில் வெளியிட்டது. வேடமேற்கும் விளையாட்டு என்னும் வகையைச் சேர்ந்தது. நம் கோயில் திருவிழா நாடகத்தில் ஒருவர் அர்ஜுனன் வேடம் கட்டுகிறார் அல்லவா? அதுபோல இதில் ஆடுபவர் ஒரு வேடம் ஏற்கிறார். நாடகத்தில் வசனம் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கும். இங்கே எவரோடு பேசுவது, எந்த வழியில் போவது என்பதை ஆடுபவரே முடிவு செய்கிறார். எதைப் பலமுறை செய்கிறாரோ அந்தத் திறமை வளர்கிறது.

அந்த விளையாட்டின் தொடக்கத்தைப் பார்த்தபோது நான் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டேன். ஒரு கப்பல் கரை சேர்கிறது. அதிலிருந்து ஒருவர் இறங்குகிறார். கரையில் ஓர் அலுவலகம். ஓர் எழுத்தர் அவருடைய விவரங்களை விசாரித்துப் பதிவு செய்கிறார். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி, பினாங்கில் இறங்கி, பெயர் கொடுத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போன நம் முன்னோரின் கதை எனக்கு நினைவுக்கு வந்தது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த விளையாட்டில் போகும் இடத்தை அம்புக்குறி காட்டுவதில்லை. "பாலத்தைத் தாண்டி வடக்கே போ" என்று ஒருவர் சொன்னதைக் குறிப்பேட்டில் படித்துப் புரிந்துகொண்டுதான் போக வேண்டும். ஆங்கிலம் வாசிக்கத் தயங்கிய பையன், பக்கம் பக்கமாக வாசித்ததைக் கண்டேன்.

இனிச் செய்முறைக்கு வருவோம். பிள்ளைகள் தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலை, கணினியில் உள்ள படங்கள், பாடக் கோப்புகள் எல்லாவற்றையும் வேறொரு வட்டிலோ பென்டிரைவிலோ படியெடுத்து வைப்பது. இதைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போகவே கூடாது. லினக்சை நிறுவும்போது வட்டு அழிக்கப்பட்டால், பழைய கோப்புகள் திரும்பி வரமாட்டா.

இரண்டாவது, லினக்ஸ் மின்ட் போன்ற எளிய வகை ஒன்றை இறக்கி, இன்னொரு பென்டிரைவில் எழுதிக்கொள்வது. மின்ட்டுக்கு 2 ஜிபி நினைவகம் குறைந்த அளவு. 4 ஜிபி இருந்தால் வசதி. பென்டிரைவிலிருந்தே கணினியைத் தொடக்கி, வட்டைத் தொடாமல் முதலில் சோதித்துப் பார்க்கலாம். ஒலி வருகிறதா, வைஃபை பிடிக்கிறதா என்று பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தால் மட்டும் நிறுவுங்கள்.

மூன்றாவது, ஸ்டீம் செயலியை நிறுவி, காசு கொடுத்து வாங்கிய விளையாட்டை அதில் இறக்குவது. விளையாட்டின் 'பிராப்பர்ட்டீஸ்' பகுதியில் 'கம்பாட்டிபிலிட்டி' என்று ஒன்று இருக்கும். அங்கே புரோட்டானைத் தேர்ந்தெடுத்தால், மொழிபெயர்க்கும் கிராணி வேலைக்கு வந்துவிட்டார் என்று பொருள்.

எங்களுக்கு முதல் நாள் அது ஓடவில்லை. திரை கறுத்தது, விளையாட்டு தானே மூடிக்கொண்டது. பையன் சோர்ந்துபோனான். காரணத்தைத் தேடினோம். விண்டோஸ் விளையாட்டுகள் படம் வரைவதற்கு 'டைரக்ட்3டி' என்னும் மொழியைப் பயன்படுத்துகின்றன. புரோட்டான் அதை 'வல்கன்' என்னும் புதிய மொழிக்கு மாற்றுகிறது. 2013ஆம் ஆண்டில் வாங்கிய அந்த மடிக்கணினியின் வரைகலைச் சில்லுக்கோ வல்கன் முழுமையாகத் தெரியாது. 'ஓப்பன்ஜிஎல்' என்னும் பழைய மொழிதான் தெரியும். விளையாட்டின் தொடக்கக் கட்டளையில் ஒரே ஒரு வரி சேர்த்து, 'வைன்டி3டி' என்னும் பழைய வழியில் மொழிபெயர்க்கச் சொன்னோம். மறுநிமிடம் கப்பல் கரை சேர்ந்தது!

இந்த விளையாட்டுக்கு மற்றொரு வழியும் உண்டு. 'ஓப்பன்எம்டபிள்யூ' என்ற பெயரில், ஆர்வலர்கள் இதன் இயக்குநிரலைப் புதிதாக எழுதியிருக்கிறார்கள். அது லினக்சில் நேராகவே ஓடும், மொழிபெயர்ப்பே தேவையில்லை. ஆனால் படமும் ஒலியும் அடங்கிய மூலக் கோப்புகளுக்கு, விளையாட்டை வாங்கியிருக்க வேண்டும்.

நேயர்களே, எல்லா விளையாட்டும் இப்படி ஓடிவிடும் என்று நான் சொல்லமாட்டேன். பலர் சேர்ந்து இணையத்தில் ஆடும் சில விளையாட்டுகளில், ஏமாற்று வேலையைத் தடுக்கும் காவல் நிரல் ஒன்று இருக்கும். அது லினக்சை உள்ளே விடுவதில்லை. ஃபோர்ட்நைட், வேலொரன்ட் ஆகியவை அத்தகையவை. அண்மையில் வந்த பெரிய விளையாட்டுகளுக்குப் பழைய மடிக்கணினியின் வலு போதாது. அதற்கு லினக்ஸ் மருந்தாகாது.

பெற்றோருக்கு ஓர் எச்சரிக்கை. இலவசமாகக் கிடைக்கிறது என்று திருட்டுப் பிரதிகளை இறக்க விடாதீர்கள். "லினக்சில் வைரஸ் வராது" என்று பிள்ளைகள் சொல்வார்கள். வைன் விண்டோசின் மொழியைப் பேசுகிறது. ஆகவே விண்டோசுக்கென்று எழுதப்பட்ட தீய நிரல்களும் அதன் வழியே ஓடக்கூடும். உங்கள் சொந்தக் கோப்புகள் அவற்றின் கைக்கு எட்டும். விளையாடும் நேரத்துக்கும் வரம்பு வையுங்கள். வீட்டுப்பாடம் முடிந்த பிறகு ஒரு மணி நேரம் என்று அந்த அண்ணன் வைத்தார். பையனும் ஒப்புக்கொண்டான்.

இப்போது அந்த மடிக்கணினியில் பாடக் கட்டுரையும் எழுதுகிறான்; எழுதுவதற்கு லிபர்ஆபீஸ் மின்ட்டோடு கூடவே வந்துவிடுகிறது. செய்த ஒவ்வொரு படியையும் ஒரு பயிற்சிப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறான். அந்தப் புத்தகத்தைப் பார்த்துப் பக்கத்து வீட்டுப் பையனும் தன் அக்காவின் பழைய கணினியை எழுப்பிவிட்டான். கூலிம் தொழிற்பேட்டையில் சில்லு செய்யும் தொழிற்சாலைகளுக்கு நம் பிள்ளைகள் வேலைக்குப் போகிறார்கள். திரை கறுத்தபோது பயப்படாமல் காரணம் தேடிய பழக்கம், அங்கே அவர்களுக்குக் கட்டாயம் கைகொடுக்கும்.

ஆகவே, உதவாது என்று எவரேனும் சொன்னால் உடனே தவணைக் கடனில் கையெழுத்துப் போடாதீர்கள். மரத்தைச் சாய்ப்பதற்கு முன் ஒரு முறை வெட்டிப் பாருங்கள். பால் இருந்தாலும் இருக்கும்.