சித்தியின் செங்கல்

1987 வாக்கில், மணலியில் எங்கள் ஓட்டு வீட்டு அடுப்பில் மாதம் நான்கு நாள் ஒரு செங்கல் சூடாகும். பழைய புடவைத் துணியில் அதைச் சுற்றி அடிவயிற்றோடு அணைத்தபடி, சித்தி சிமெண்ட் தரையில் சுருண்டு கிடப்பாள். பாட்டி ஒரு பிடி வெந்தயத்தை விழுங்கக் கொடுப்பாள். "எல்லாப் பொம்பளைக்கும் வர்றதுதான், கல்யாணம் ஆனா சரியாப்பூடும்."

கல்யாணம் ஆனது. அப்புறம் "ஒரு புள்ள பொறந்தா சரியாப்பூடும்" என்றார்கள். பிள்ளை பிறக்கவில்லை. வளைகாப்பு வீடுகளுக்குப் போவதையே சித்தி நிறுத்திக்கொண்டாள். முப்பத்தாறு வயதில் ஒரு மருத்துவமனையில் கர்ப்பப்பையை எடுத்தார்கள். அதன் பிறகும் வலி வந்தது. ஏன் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

அது எண்டோமெட்ரியோசிஸ்தான் என்று இன்று நான் நம்புகிறேன். கர்ப்பப்பையின் உட்படலம் போன்ற திசு வெளியே சினைப்பையிலும் குடல் பக்கமும் ஒட்டி வளர்கிறது. மாதாமாதம் வீங்கிக் கசிந்து, உறுப்புகளையே ஒன்றோடொன்று ஒட்டவைக்கிறது. கர்ப்பப்பையை எடுத்தாலும் வெளியே ஒட்டியது அங்கேயே இருந்தால் வலி தொடரலாம். அமெரிக்க மருத்துவர் ஜான் சாம்ப்சன் 1920களிலேயே இதற்குப் பெயர் வைத்துவிட்டார். அந்தப் பெயர் எங்கள் தெருவுக்கு வந்துசேர அறுபது ஆண்டு போதவில்லை.

மணலி ரிஃபைனரிப் புகைதான் காரணமா என்று இங்கே கேட்கிறார்கள். கேட்கத்தான் வேண்டும். டையாக்சின் என்ற நச்சு கலந்த தீனி தின்ற ரீசஸ் குரங்குகளுக்கு இந்நோய் அதிகம் வந்ததாக 1993-ல் ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னது. மனிதர்களிடம் அது இன்னும் உறுதியாகவில்லை.

இன்று உலகில் சுமார் 19 கோடிப் பெண்களுக்கு இந்நோய் இருக்கிறது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். என் அக்கா மகளும் அதில் ஒருத்தி. பிளஸ் டூ படிக்கிறாள். இரண்டு வருடம் மெடிக்கலில் மெஃப்தால் ஸ்பாஸ் வலி மாத்திரை வாங்கி விழுங்கியே ஓட்டினாள். இப்போது ஸ்கேனில், இந்நோயால் சினைப்பையில் வரும் சாக்லேட் கட்டி தெரிந்து, தினம் 2 மில்லிகிராம் டையனோஜெஸ்ட் ஹார்மோன் மாத்திரை சாப்பிடுகிறாள். நோயை வேரோடு எடுக்கும் மருந்து இன்னும் இல்லை. வலி அடங்கியிருக்கிறது, பரீட்சை எழுதுகிறாள். முன்பெல்லாம் வயிற்றில் துளையிட்டுப் பார்த்தால்தான் உறுதி என்பார்கள். எல்லோருக்கும் அது தேவையில்லை என்று 2022-ல் ஐரோப்பிய வழிகாட்டுதலே சொல்லிவிட்டது.

முதல் நாள் டாக்டரிடம் போனபோது சித்தியும் கூட வந்தாள். வலித்த தேதிகளை வட்டமிட்ட காலண்டரைப் புரட்டிய டாக்டரம்மா, "மோஷன் போகும்போதும் வலிக்குமா?" என்று கேட்டார். பெண் வெட்கப்பட்டுத் தலைகுனிந்தாள்.

"ஆமாம்மா, உசுரே பூடும்" என்றாள் பின்னால் நின்ற சித்தி.

அவளுக்கு இப்போது ஐம்பத்தெட்டு.