பொது மைதானமும் முக்கால் புள்ளியும்: எக்ஸெல்லில் ஒரு பந்தயக் கணக்கு

எக்ஸெல் பழக வேண்டும் என்று நினைப்பவர்கள் பெரும்பாலும் வீட்டு வரவு செலவில்தான் தொடங்குகிறார்கள். பால், மளிகை, கரண்ட் பில் என்று நான்கு நாள் டைப் செய்வார்கள். ஐந்தாம் நாளிலிருந்து அந்த பைலைத் திறக்கவே மாட்டார்கள். ஒரு செல்லில் எண்ணை மாற்றினால் மற்ற செல்கள் ஏன் தாமாக மாறுகின்றன என்பது மனதில் பதிய வேண்டுமானால், விடை என்ன வருமோ என்று நமக்கே ஆவல் உள்ள கணக்கு ஒன்று வேண்டும். எனக்கு அப்படி ஒன்று சிக்கியது. அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்து அணிகள் வெளிநாடுகளுக்குப் போய் ஆடும் ஆட்டங்களில் பந்தயம் கட்டுவது பற்றிய கணக்கு அது.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் 2025-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்கிறது. ஆகவே இங்கே நாம் போடப்போவது கணக்கு மட்டுமே. அமெரிக்காவில் நிலைமை வேறு. விளையாட்டுப் பந்தயத்தைப் பெரும்பாலான மாநிலங்களில் தடுத்து வந்த 1992-ம் ஆண்டுச் சட்டத்தை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2018 மே 14 அன்று ரத்து செய்தது. வழக்கு நியூ ஜெர்சி மாநிலத்திலிருந்து வந்தது. அந்த நியூ ஜெர்சியில்தான் என் அக்கா மகன் வேலை பார்க்கிறான்.

அவன் எனக்கு ஒரு மெயில் அனுப்பியிருந்தான். "மாமா, ஐரோப்பாவில் ஆடும்போது இரண்டு அணிகளுக்குமே அது சொந்த ஊர் இல்லை. ஆனால் அட்டவணையில் ஒரு அணியைச் சொந்த ஊர் அணி என்று எழுதியிருப்பார்கள். அந்தப் பெயரை நம்பி மக்கள் பணம் கட்டுவார்கள். நான் எதிர் அணி மேல் கட்டினால் ஜெயிக்கலாம் அல்லவா? 2011-ல் லண்டனில் டொராண்டோ தோற்றது, 2018-ல் பிலடெல்பியா தோற்றது. இரண்டுமே அட்டவணைப்படி சொந்த ஊர் அணிகள்தான்!" என்று எழுதி, ஐந்நூறு டாலர் கட்டப் போவதாகவும் சொல்லியிருந்தான்.

யோசனை முட்டாள்தனமானது அல்ல. சொந்த மைதானத்தில் ஆடும் அணி என்பிஏவில் நெடுங்காலமாக நூற்றுக்கு ஏறக்குறைய அறுபது ஆட்டங்களை வென்று வந்திருக்கிறது. பந்தயக்காரர்கள் இதற்கு மூன்று புள்ளி மதிப்பு வைப்பது வழக்கம். அண்மை ஆண்டுகளில் அது கொஞ்சம் தேய்ந்திருக்கிறது. அந்த மூன்று புள்ளி பொது மைதானத்தில் இருக்காது. சரி, இதை வைத்துச் சம்பாதிக்க முடியுமா? எக்ஸெல்லைத் திறப்போம். எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் புரோகிராமைப் பயன்படுத்தலாம். இங்கே சொல்வது எல்லாம் அதிலும் அப்படியே வேலை செய்யும்.

பந்தயம் எப்படி என்பதை முதலில் பார்ப்போம். இரண்டு அணிகளும் சமபலம் இல்லையென்றால், பந்தய நிறுவனம் பலமான அணியின் கணக்கில் சில புள்ளிகளைக் கழித்துவிடும். இதற்கு ஸ்பிரெட் என்று பெயர். ஆறு புள்ளி ஸ்பிரெட் என்றால், பலமான அணி ஆறுக்கு மேல் வித்தியாசத்தில் வென்றால்தான் அதன் மேல் கட்டியவருக்குப் பணம். இப்படிச் சமன் செய்துவிட்ட பிறகு எந்தப் பக்கம் கட்டினாலும் ஏறக்குறைய ஒரே விலைதான். வழக்கமான விலை 1.91. அதாவது 10 டாலர் கட்டி வென்றால் 19.10 டாலர் கைக்கு வரும்.

பி1, பி2 என்ற இரண்டு செல்களிலும் 1.91 என்று டைப் செய்யுங்கள். அடுத்து சி1 செல்லுக்குப் போய்ச் சமக்குறி போட்டு, 1 டைப் செய்து, சாய்கோடு போட்டு, மவுஸால் பி1 செல்லை ஒருமுறை கிளிக் செய்து, என்டர் தட்டுங்கள். 0.5236 என்று வரும். (செல்லின் பெயரை நாமே டைப் செய்யத் தேவையில்லை. கிளிக் செய்தால் எக்ஸெல்லே போட்டுக்கொள்ளும். புதிதாகப் பழகுபவர்கள் பலருக்கு இது தெரிவதில்லை.) சி1 செல்லின் வலது கீழ் மூலையில் உள்ள சிறிய சதுரத்தைப் பிடித்து ஒரு கட்டம் கீழே இழுங்கள். சி2-விலும் அதே எண் வந்துவிடும். இப்போது சி3-ல் கர்சரை வைத்து ஆட்டோசம் பட்டனை அழுத்தி என்டர் தட்டுங்கள்.

விடை 1.0471. இரண்டில் ஒரு அணிதான் வெல்ல முடியும். ஆகவே இரண்டு வாய்ப்புகளையும் கூட்டினால் சரியாக 1 வர வேண்டும். மேலே உள்ள 0.0471தான் கடைக்காரர் தராசில் வைத்த விரல்! நூறு முறை பத்துப் பத்து டாலர் கட்டி, சரியாக ஐம்பது முறை வென்றால், போட்டது 1000, வந்தது 955. நாணயம் சுண்டிப் போட்டுக் கட்டினால்கூட 45 டாலர் போய்விடும். கையைக் கடிக்காமல் இருக்கவே நூற்றுக்கு 52.36 முறை சரியாகச் சொல்ல வேண்டும்.

இனிதான் சுவாரஸ்யமான பகுதி. சொந்த மைதானத்தின் மூன்று புள்ளி, வெற்றி வாய்ப்பாக மாறினால் எவ்வளவு? என்பிஏ ஆட்டங்களின் முடிவு, எதிர்பார்த்த வித்தியாசத்தைச் சுற்றி ஏறக்குறைய 12 புள்ளி அளவுக்குச் சிதறுகிறது. புள்ளியியலில் இதைத் திட்ட விலக்கம் என்பார்கள். காலியான ஈ1 செல்லில் 3 என்று டைப் செய்யுங்கள். பக்கத்து எஃப்1 செல்லில் சமக்குறி போட்டு, ஆங்கிலத்தில் என், ஓ, ஆர், எம், எஸ், டி, ஐ, எஸ், டி என்ற ஒன்பது எழுத்துகளையும் இடைவெளி இல்லாமல் டைப் செய்து, அடைப்புக்குறியைத் திறந்து, ஈ1 செல்லைக் கிளிக் செய்து, சாய்கோடும் 12-ம் போட்டு, அடைப்புக்குறியை மூடி என்டர் தட்டுங்கள். 0.5987 வரும். நூற்றுக்கு அறுபது! மேலே சொன்ன சொந்த மைதான வெற்றிக் கணக்கும் இதுவும் ஒத்துப் போவதைக் கவனித்தீர்களா?

ஈ1-ல் 3-ஐ 2 ஆக்கினால் 0.5662. 1 ஆக்கினால் 0.5332. 0.7 போட்டுப் பாருங்கள். 0.5233 வரும். நமக்கு வேண்டிய 52.36 சதவீதத்துக்கு மிக அருகில். அதாவது, நிறுவனம் போட்ட ஸ்பிரெட்டைவிட நம் கணிப்பு முக்கால் புள்ளியாவது சரியாக இருந்தால்தான் நஷ்டம் இல்லாமல் தப்பலாம்.

நிறுவனம் சொந்த மைதானத்துக்கான புள்ளியைக் கழிக்க மறந்திருந்தால் அந்த முக்கால் புள்ளி தாராளமாகக் கிடைக்கும். ஆனால் பாரிஸில் ஆடப்போகிறார்கள் என்பது பல மாதங்களுக்கு முன்பே அறிவித்த செய்தி. என் அக்கா மகனுக்குத் தெரிந்தது, அதையே தொழிலாகச் செய்பவனுக்குத் தெரியாதா? அவன் ஸ்பிரெட் போடும்போதே அந்தப் புள்ளிகளை எடுத்துவிட்டுத்தான் போடுவான். அப்படியானால் நாம் தேட வேண்டியது அவனுக்கும் தெரியாத ஒன்று. அதைப் பழைய ஆட்டங்களில் தேடலாமா?

தேடிப் பார்த்தேன். லண்டன் ஓ2 அரங்கில் 2011 முதல் 2019 வரை என்பிஏவின் முறையான பருவ ஆட்டங்கள் ஒன்பது நடந்தன. அவற்றின் வெற்றி வித்தியாசங்களை ஒரே பத்தியில் நீங்களும் டைப் செய்யுங்கள்: 13, 1, 15, 17, 16, 3, 28, 11, 1. இரண்டாவதாக உள்ள 1, நெட்ஸ் அணி மூன்று முறை கூடுதல் நேரம் ஆடி டொராண்டோவை 137-136 என்று வென்றது. கடைசி 1, 2019-ல் வாஷிங்டன் அணி நியூயார்க்கை 101-100 என்று வென்றது. வாஷிங்டன்தான் அன்று அட்டவணைப்படி சொந்த ஊர் அணி. அக்கா மகனின் விதி அங்கே உடைந்தது. ஆட்டோசம் பட்டனுக்குப் பக்கத்தில் உள்ள சிறிய அம்புக்குறியை அழுத்தி சராசரியைத் தேர்ந்தெடுத்தால் 11.67 வரும்.

ஒன்பது ஆட்டங்களை வைத்து எவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடியும்? 12-ஐ ஒன்பதின் வர்க்கமூலமான மூன்றால் வகுத்தால் 4. இது சராசரியில் இருக்கக்கூடிய பிழை. ஓரளவு நம்பிக்கையோடு பேச வேண்டுமென்றால் இதை இரண்டு மடங்காக்க வேண்டும். எட்டுப் புள்ளி! முக்கால் புள்ளியைத் தேடுகிறவன் கையில் எட்டுப் புள்ளி மங்கலான கண்ணாடி. மூன்று புள்ளி அளவுக்காவது தெளிவு வேண்டுமென்றால் 64 ஆட்டங்கள் தேவை. லண்டனில் ஆண்டுக்கு ஒன்று என்று ஆடினால் 64 ஆண்டு காத்திருக்க வேண்டும்.

நம்ப முடியவில்லையா? பாரிஸில் 2025 ஜனவரியில் நடந்ததைப் பாருங்கள். 23-ம் தேதி சான் அன்டோனியோ அணி இண்டியானாவை 140-110 என்று வென்றது. அதே அரங்கு, அதே இரண்டு அணிகள், இரண்டு நாள் கழித்து இண்டியானா 136-98 என்று வென்றது. ஒரு பக்கம் 30, மறுபக்கம் 38. மொத்தம் 68 புள்ளி ஊசலாட்டம். இது புதிதும் அல்ல. வட அமெரிக்காவுக்கு வெளியே என்பிஏ பருவ ஆட்டங்கள் முதன்முதலில் நடந்தது 1990 நவம்பரில், டோக்கியோவில். பீனிக்ஸ் அணி யூட்டாவை 119-96 என்று நசுக்கியது. மறுநாள் யூட்டா 102-101 என்று வென்றது.

பொது மைதானம் என்பதிலும் பொதுத்தன்மை எவ்வளவு என்பது வேறு கேள்வி. அந்த பாரிஸ் அரங்கில் கூட்டம் யாருக்குக் கை தட்டியிருக்கும்? சான் அன்டோனியோவின் விக்டர் வெம்பன்யாமா பிறந்ததே பாரிஸுக்குப் பக்கத்தில். 2026 ஜனவரியில் பெர்லினில் ஆடிய ஆர்லாண்டோ அணியில் பெர்லினிலேயே பிறந்த வாக்னர் சகோதரர்கள் இருந்தார்கள். மெக்சிகோ சிட்டியோ கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரம், மூச்சு வாங்கும். இவற்றுக்கெல்லாம் ஈ1-ல் 0 போடுவதா, 1 போடுவதா? நம் மும்பையில் 2019 அக்டோபரில் இண்டியானாவும் சாக்ரமென்டோவும் ஆடியவை பருவத்துக்கு முந்தைய பயிற்சி ஆட்டங்கள். முதல் நாள் இண்டியானா கூடுதல் நேரத்தில் 132-131, மறுநாள் 130-106. இவ்வகை ஆட்டங்களில் முக்கிய வீரர்களைப் பாதியில் உட்கார வைத்துவிடுவார்கள். யார் உட்காருவார் என்பதை முன்கூட்டியே அறிந்தவருக்குத்தான் லாபம். அப்படிப்பட்ட தகவலைப் பந்தயக்காரர்களுக்குக் கொடுத்ததற்காகத்தான் டொராண்டோ வீரர் ஜான்டே போர்ட்டருக்கு என்பிஏ 2024 ஏப்ரலில் ஆயுட்காலத் தடை விதித்தது.

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த ஸ்கோர்களை நெட்டில் தேடும்போது "இலவச போனஸ்", "நூறு சதவீத டிப்ஸ்" என்று விளம்பர ஜன்னல்கள் குதிக்கும். மூடிவிடுங்கள். அதில் எதையும் டவுன்லோட் செய்யாதீர்கள். ஸ்கோர் பார்க்க எந்தத் தளமும் உங்கள் கார்டு நம்பரைக் கேட்கத் தேவையில்லை.

பைலை சேவ் செய்வதற்கு முன் கடைசியாக ஒன்று. 2013 டிசம்பர் 4 அன்று மெக்சிகோ சிட்டியில் சான் அன்டோனியோவும் மினசோட்டாவும் ஆட வேண்டும். ஆட்டத்துக்கு முன் ஜெனரேட்டரில் தீப்பிடித்து அரங்கம் முழுக்கப் புகை. ஆட்டம் ரத்தாகி, 2014 ஏப்ரலில் மினசோட்டாவின் சொந்த அரங்கில் நடந்தது. பொது மைதான ஆட்டம் ஒரே புகையில் சொந்த மைதான ஆட்டமாகிவிட்டது! இப்படி இடம் மாறினால் கட்டிய பணம் திரும்ப வருமா என்பது அந்தந்த நிறுவனத்தின் விதியைப் பொறுத்தது. ஈ1-ல் 0 போட்டு 0.5 வருவதைப் பாருங்கள். பிறகு அதை அழித்து 3 போட்டு என்டர் தட்டுங்கள்.